குஞ்சுகளுக்குத் தின்று காட்டினேன்

எங்கள் வீட்டில் பிடிவாதம் என்றால் நான்தான். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், என் மனைவி நிர்மலா வைத்த கீரையையோ பயறையோ நான் தொட்டதில்லை. எனக்குப் பரோட்டாதான். அப்பேர்ப்பட்ட என்னை இரண்டு காக்டெயில் குஞ்சுகள் கவிழ்த்துவிட்டன. சிரிக்காதீர்கள். புதுச்சேரியில் அந்தப் பெயரில் கொண்டை வைத்த குட்டிக் கிளியும் உண்டு.

தாய்ப்பறவை ஒதுக்கிய குஞ்சுகள் என்று பக்கத்து வீட்டுத் தெய்வசிகாமணி அண்ணன் கொடுத்தார். பறவை வளர்த்து விற்பவர் அவர். சிரிஞ்சில் கூழ் ஊட்டி நான்தான் ஆளாக்கினேன். இறக்கை முளைத்து வீடு முழுக்கப் பறந்தன. ஒரு தினையைக் கொத்தத் தெரியாது. என்னைக் கண்டால் வாயைப் பிளந்து கத்தும்.

"ஏங்க, நீங்க கம்பெனிக்குப் போயிடுறீங்க. நாள் பூரா யாரு ஊட்டறது? பொங்கலுக்குள்ள அதுங்களா தின்னணும். இல்லன்னா அண்ணன்கிட்டயே குடுத்துடுவேன். சண்டே மார்க்கெட்ல வித்துக்கட்டும்" என்றாள் நிர்மலா.

அண்ணனிடம் ஓடினேன்.

"தாய் தின்னு காட்டும், குஞ்சு பார்த்துக் கத்துக்கும். இதுங்களுக்குத் தாய் யாரு தம்பி?"

"நான்தாண்ணே."

"அப்ப நீதான் தின்னணும்."

"என்னத்த?"

"மொளகட்டின பயறு, கீரை, கேரட்டு. பரோட்டாவ மட்டும் கண்ணுல காட்டிடாத. குஞ்சு கெட்டுடும்."

அன்று முதல் காலையும் மாலையும் கூண்டு முன்னால் குந்தி, தட்டில் குனிந்து, உதட்டாலேயே பயறு பொறுக்கினேன். "ஆகா, என்னா ருசி!"

"மூஞ்சியச் சுளிக்காதீங்க, அதுங்க பயந்துக்கப் போவுது" என்பாள் நிர்மலா. சிரித்துக்கொண்டே விழுங்கினேன்.

குஞ்சுகள் அசையவில்லை. நான் நீட்டிய கூழுக்கும் முகத்தைத் திருப்பின. பதறிப்போய் இன்னொரு கை பயறு அள்ளித் தின்றேன்.

"நாளைக்கு முருங்கைக்கீரை வச்சிப் பாக்கலாமா?" என்றாள். பாவம், அவளுக்கும் குஞ்சுகள்மேல் பாசம் வந்துவிட்டது என்று உருகினேன்.

ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போய் மத்தியானமே வீடு திரும்பினேன். இரண்டு குஞ்சுகளும் தட்டில் ஏறி நின்று உமி பறக்கத் தின்றுகொண்டிருந்தன. அண்ணனும் நிர்மலாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, தின்னுதுங்க!" என்று குதித்தேன்.

"அதுங்க எப்பவோ தின்ன ஆரம்பிச்சிடுச்சே தம்பி" என்றவர், நிர்மலாவைப் பார்த்ததும் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அப்ப என் எதிர்ல ஏன் தின்னல?"

"நீங்க உக்கார்றதுக்கு முன்னாடியே நான் வயிறு நெறய வச்சிடுவேன். அப்புறம் எப்படிக் கொத்தும்?"

"அப்ப நான் எதுக்குடி தின்னேன்?"

"டாக்டர் சொன்னப்பவே தின்னிருந்தா எனக்கு ஏங்க இந்தப் பாடு?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்குப் பரோட்டாதான்!" என்று அவள் நீட்டிய கீரைத் தட்டைத் தள்ளினேன்.

நிர்மலா கூண்டைத் தூக்கி வந்து என் எதிரே வைத்து, உள்ளே அந்தக் கீரையைப் போட்டாள்.

குஞ்சுகள் என் முகத்தைப் பார்த்தபடி, ஆளுக்கொரு இலையைக் கொத்தி, மெதுவாக எனக்குத் தின்று காட்டின.