ரெண்டு சூடு

எனக்கு இந்த உலகத்தில ரெண்டு பயம். ஒண்டு துவக்கு. மற்றது குணேஸ்வரி. துவக்குக்கெண்டாலும் ஒரு பூட்டு இருக்கு.

குணேஸ்வரி என்ர மனிசி. நான் தம்பிராசா, திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில கிளாக்கர். கிழமை நாளில பேனை பிடிக்கிறனான். இடைக்கிட ஞாயிறுகளில இராணுவத்தின்ர தொண்டர் படையில துவக்குப் பிடிக்கிறனான். ஏன் சேர்ந்தனீங்கள் எண்டு கேளாதேங்கோ. காக்கிச் சட்டையைக் கண்டால் பெண்சாதி அடங்குவாள் எண்டு ஒரு பாவி சொன்னவன். முதல் நாளே சட்டையைத் தோய்க்கச் சொல்லி நீட்டினன். "படைக்குப் போறது நீங்களோ நானோ? உங்கட சட்டையை நீங்களே தோயுங்கோ" எண்டாள். அண்டைக்குத் தொடக்கம் நான்தான் தோய்க்கிறன்.

சேர்ந்து மூண்டு வருசம். ஒரு வெடியாவது கண் திறந்து வைச்சிருக்கிறனோ? இல்லை. விசையில விரல் பட்டால் போதும், கண் ரெண்டும் தன்ர பாட்டில மூடும். ஆனால் வீட்டில வேற கதை.

"நான் வைச்ச குறி தப்பாது குணேஸ். பறக்கிற காகத்தைக் கண்டால், வலது கண்ணோ இடது கண்ணோ எண்டுதான் யோசிப்பன்."

"ஓமோ?" எண்டு சொல்லிப்போட்டு அவள் மீன் வெட்டுவாள்.

அறுபத்தேழாம் ஆண்டு ஆவணி. எங்கட கப்டன் ஆனந்தராசா எல்லாரையும் கூப்பிட்டு நிப்பாட்டினார். அவற்ற மீசையைப் பார்த்தாலே எனக்கு முதுகு வேர்க்கும்.

"வாற ஞாயிறு ரேஞ்சில ஒரு சின்னச் சூட்டுப் போட்டி வைப்பம். எங்களுக்குள்ளதான். கப் இல்லை, பாண்டு வாத்தியம் இல்லை. வெண்டவனுக்கு ஒரு சேவல். ஆர் பொறுப்பெடுத்து நடத்திறது?"

என்ர கை எனக்கு முன்னால எழும்பிட்டுது. நடத்திறவன் சுடத் தேவையில்லை! கண்ணை மூடுறதும் வேண்டாம், மானம் போறதும் வேண்டாம். இந்த மூளை ஆருக்கு வரும்? அந்தச் சந்தோசத்தில வீட்டுக்கு வந்து, தேயிலைப் பெட்டிப் பலகையில குணேஸ்வரியின்ர சட்டி மூடியை வைச்சுக் கரியால வட்டம் வட்டமாய் இலக்குக் கீறினன்.

மூடியைக் கழுவ மறந்துபோனன். அது ஒரு பிழை. ஞாயிறு எண்டு கேட்டதும் யோசிக்காமல் கையைத் தூக்கினது பெரிய பிழை.

"இஞ்சாருங்கோ, வாற ஞாயிறு தம்பலகாமத்தில அப்பாவுக்குச் சூடு. நீங்கள் போய் நிக்கோணும்."

அடுப்படியிலிருந்து குணேஸ்வரி சொன்னாள்.

எங்கட பக்கத்துச் சூடு வேற சூடு. வெட்டின நெற்கதிரை அம்பாரமாய்க் குவிச்சு வைச்சால் அதுக்குப் பேர் சூடு. அதைக் களத்தில பரப்பி மாடு விட்டு மிதிச்சால் அது சூடு அடிக்கிறது. என்ர மாமனார் ஒரு சட்டம் வைச்சிருக்கிறார்: களத்தில நிண்ட மருமகனுக்குத்தான் ஆண்டு நெல்லு. போன முறை நான் நிண்டனான்தான். நிண்டு களைச்சு, வைக்கோலுக்குள்ள படுத்து, மாடு வந்து காதை நக்க எழும்பினனான். நெல்லு முழுக்க மூத்த மருமகன்ர வண்டியில ஏறிப் போட்டுது. ஒரு வருசமாய் எங்களுக்கு அரசாங்கம் அளந்து குடுக்கிற கூப்பன் அரிசிதான்.

"இந்த முறையும் நெல்லு வரேல்லையோ, நான் அப்பா வீட்டை போயிடுவன்" எண்டாள் குணேஸ்வரி. "நீங்கள் இருந்து கூப்பன் அரிசியில கல்லுப் பொறுக்குங்கோ."

சொன்னால் செய்யிறவள். எனக்கு அழுகை வந்திட்டுது. ஒரு பக்கம் கப்டன்ர மீசை, மற்றப் பக்கம் வெறும் வீடு. அவள் இல்லாத வீட்டில நான் தேத்தண்ணிக்கு எங்க போவன்?

பக்கத்து வீட்டு ஸஹாப்தீனிட்ட ஓடினன். எங்கட படையில முதல் சூட்டுக்காரன் அவன்தான்.

"மச்சான், செத்தன்."

"ஏன் மௌத்தாகிறாய்? ரெண்டும் சூடுதானே? சூட்டுக்குப் போறன் எண்டு சொல்லு. பொய்யில்லை. கிண்ணியாவில என்ட மச்சினன் இருக்கான், ஒரு மூடை நெல்லு எடுத்துத் தாறன். பின்னேரம் தூக்கிக்கொண்டு போ."

அவனைக் கட்டிப்பிடிச்சன்.

ஞாயிறு விடியச் சாரத்தைக் கட்டி, காக்கியைச் சாக்குக்குள்ள சுருட்டி, படலையடிக்கு வந்தன். குணேஸ்வரி சோத்துப் பார்சலோட நிண்டாள்.

"எங்க போறீங்கள்?"

"சூட்டுக்கு."

"சத்தியமாய்?"

"கோணேசர் அறியச் சூட்டுக்குத்தான்."

"களத்துக்குத்தானே நேர போறீங்கள்?"

"வேறெங்க? களத்துக்குத்தான்."

"கச்சான் காத்து அடிக்குது. காத்தைப் பார்த்துச் செய்யுங்கோ."

"காத்தைப் பார்க்காமல் அங்க ஒண்டும் ஏலாது குணேஸ்!"

"படுத்திடாதேங்கோ."

இதில மட்டும் எனக்கு இருமல் வந்தது. ரேஞ்சில படுத்துத்தானே சுடுறது. "நான் படுக்கமாட்டன்" எண்டன். நடத்திறவன் எண்டபடியால் அதுவும் உண்மைதான். ஒரு பொய் இல்லாமல் படலையைத் தாண்டின முதல் புருசன் நான்தான் எண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தன்.

போட்டி நல்லாத்தான் நடந்தது. கொடியைப் பிடிச்சன், விசிலை ஊதினன், ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தரம் குந்தி எழும்பினன். ஸஹாப்தீன் வெண்டான். சேவலைக் கையில குடுத்து, தேத்தண்ணியும் குடிச்சு முடியிற நேரம் கப்டன் மீசையைத் தடவினார்.

"நடத்தினவனைச் சும்மா விடலாமோ? தம்பிராசாவும் ஸஹாப்தீனும் சேர்ந்து கடைசி வெடி வைக்கட்டும்!"

எல்லாரும் கை தட்டினாங்கள். எனக்குச் சத்தம் கேட்கேல்ல, கை அடிக்கிறதுதான் தெரிஞ்சுது. ஆரோ துவக்கைத் தந்தாங்கள். ஆரோ படுக்க வைச்சாங்கள். வாய்க்குள்ள மண். காலில எறும்பு. விசை எது, பிடி எது எண்டு தெரியேல்ல. துவக்கு வெடிச்சுத் தோளைக் கழட்டிப்போட்டால்? ரவை பறந்து ஆரிலயும் பட்டால்? பறந்து பறந்து தம்பலகாமம் வரைக்கும் போய் மாமனாரில பட்டால்? கோணேசப் பெருமானே, எண்டு கண்ணை இறுக்கி மூடினன்.

"ஃபயர்!"

படார்!

துவக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரெண்டு உருளல் உருண்டு எழும்பித் தோளைப் பிடிச்சுக்கொண்டன்.

"எப்பிடி ஐயா என்ர வெடி?"

கப்டன் என்ர துவக்கை எடுத்துத் திறந்தார். ரவை அப்பிடியே முழுசாய் அவற்ற கையில விழுந்துது.

"தம்பிராசா, சுட்டது ஸஹாப்தீன். விழுந்தது நீ."

"எனக்குத் தோள் நோகுது ஐயா!"

"அதைத் தோளிட்டக் கேள்."

அதுக்குப் பிறகு அவங்கள் சிரிச்ச சிரிப்பை நான் சொல்லமாட்டன். சேவலும் கூவிச்சுது.

போகட்டும். மானம் ரேஞ்சோட போச்சு, வீடாவது மிஞ்சட்டும் எண்டு, பஸ் வாற நேரம் வரைக்கும் சந்தைப் பக்கம் ஒளிச்சிருந்தன். தலையில வைக்கோலைத் தடவினன். ஸஹாப்தீன் சைக்கிளில நெல்லு மூடையைக் கொண்டுவந்து தந்துபோட்டுத் தன்ர வீட்டுக்குப் பறந்திட்டான். முதுகில மூடையோட எங்கட லிங்கநகர் ஒழுங்கைக்குள்ள நான் தள்ளாடி வந்தன். அந்தத் தள்ளாட்டம் மட்டும் நடிப்பில்லை.

குணேஸ்வரி வாசலில கதிரை போட்டு இருந்தாள்.

"சூடு முடிஞ்சுதோ?"

"அப்பாடா, சொல்லி வேலையில்லை! வெயிலெண்டால் வெயில். மாடு கேட்கேல்ல. நான்தான் அதட்டி மிதிக்க விட்டன்."

"மாடு மிதிக்கேக்க பொலிப்பாட்டு ஆர் படிச்சது?"

"மாமாதான். என்ன குரல்!"

"அப்பாவுக்குத் தொண்டை கட்டி ஒரு கிழமை."

"அதுதான்... கட்டின தொண்டைக்கே அவ்வளவு குரலெண்டால் பாரன்!"

அவள் எழும்பி வந்து மூடையில கையை விட்டு, ஒரு நெல்லை எடுத்துப் பல்லில கடிச்சாள்.

"அப்பா விதைச்சது சிவப்பரிசி. இது வெள்ளை."

"வெயில் எண்டு சொன்னனெல்லோ. வெளுத்துப்போச்சு."

அவள் போய் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளுக்கு நெல்லு மூடை, கூரை முட்ட.

"நீங்கள் போன கையோட அடுத்த பஸ்ஸில நான் போனனான்" எண்டாள். "சட்டி மூடியில கரி வட்டத்தைக் கண்ட அண்டைக்கே தெரியும், உங்கட சூடு எந்தச் சூடெண்டு. நீங்கள் போய்ப் படுத்தால் இந்த முறையும் மூத்த அத்தான்ர வண்டியிலதானே ஏறும்? அதுதான் நானே களத்தில நிண்டனான். சித்தப்பாட டிரக்டரில ஏத்திக்கொண்டு வந்தனான்."

"மாமா... என்னைக் கேட்கேல்லையோ?"

"கேட்டவர். உள்ளதைச் சொன்னனான். உங்கட மருமகன் அரசாங்கத்துக்குச் சூட்டுப் போட்டி நடத்திறார், வைச்ச குறி தப்பாது, காகத்துக்கு எந்தக் கண் எண்டுதான் யோசிப்பார் எண்டு. அப்பாவுக்குக் கண் கலங்கிட்டுது. இப்பிடிப்பட்ட மருமகனையோ நான் வைக்கோலுக்குள்ள படுக்கிறவன் எண்டு பேசினனான் எண்டார்."

எனக்கு உயிர் வந்திட்டுது. நெல்லும் வந்து, மரியாதையும் வந்து! குணேஸ்வரியைப் போலப் பெண்சாதி ஆருக்குக் கிடைக்கும் எண்டு வாய் நிறையச் சிரிச்சன்.

"சாக்குக்குள்ள கிடக்கிற காக்கிச் சட்டையை எடுங்கோ. நான் தோய்ச்சுத் தாறன்."

மூண்டு வருசத்தில முதல் தரம்! பாவி சொன்னது பலிச்சுப்போச்சு எண்டு துள்ளிக்கொண்டு எடுத்துக் குடுத்தன். குடுத்த பிறகுதான் யோசிச்சன்.

"என்ன திடீரெண்டு?"

"நாளைக்கு இரவுக்கு வேணும். இன்னும் ஒரு சூடு அடிக்காமல் குவிச்சபடி கிடக்கு. கந்தளாய்க் காட்டால யானை இறங்குதாம். காவலுக்கு நிண்டவன் பயத்தில ஓடிப்போட்டான். அப்பா தன்ர துவக்குக்கு எண்ணெய் பூசி உங்களுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறார்."

"யா... யானையோ?"

"கூட்டமாய் வருதாம். உங்களுக்கு வசதிதானே? ரெண்டு சூடும் ஒரே களத்தில."

வேலிக்கு அங்கால சேவல் கூவிச்சுது. ரபீக்கா, ஸஹாப்தீன்ர மனிசி, அடக்கேலாமல் சிரிக்கிற சத்தமும் கேட்டுது. நான் கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டன்.

குணேஸ்வரி சட்டையை உதறித் தோளில போட்டுக்கொண்டு கிணத்தடிக்கு நடந்தாள். நடந்தபடி திரும்பிப் பாராமல் சொன்னாள்:

"யானை வந்தால் விசையை நீங்கள்தான் இழுக்கோணும். பக்கத்தில படுக்க ஸஹாப்தீன் அண்ணை வரமாட்டார்."