எழுத்துத் தின்னிப் பேய்க்கு வைத்த தேர்வு

முழங்கால் அளவு பனியையும் பொருட்படுத்தாமல் ஊரே ஆலயத் திடலில் திரண்டிருந்தது. புத்தாண்டில் பிள்ளைகள் தூரிகையால் எழுதிய முதல் தாள்களை ஜனவரி நடுவில் மூங்கில் கோபுரத் தீயில் எரிப்பது அங்கு வழக்கம். சாம்பல் உயரப் பறந்தால் கையெழுத்து அழகாகும் என்பர். பிள்ளைகள் கைதட்டுவர், அந்தத் தீயிலேயே அரிசி உருண்டைகளை வாட்டித் தின்பர். யாருக்கும் நட்டமில்லை.

அந்தச் சாம்பலில் ஆதாயம் கண்டவர் தொகாஷி ஆசான். சென்ற ஆண்டு வரை குளிர்பெட்டி விற்றவர். இவ்வாண்டு வெள்ளை அங்கி அணிந்து பேயோட்டுகிறார். எந்தக் கல்லூரி இந்தப் பதவி உயர்வை வழங்கியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை!

"சாம்பல் விழுந்தா எழுத்துத் தின்னிப் பேய் புடிச்சிருக்குன்னு அர்த்தம்! பிள்ளை படிக்கிற எழுத்தையெல்லாம் அது முழுங்கிடும்! கட்டணத்துக்குச் சம்மதம்னு பதிவேட்டுல முத்திரை வைங்க, நான் ஓட்டிக் காட்டுறேன்!"

பதினைந்து வயது இபுகி தாய் தொமொயோவுடன் வரிசையில் நின்றாள். வாய்மொழியாகக் கேட்டால் எந்தக் கணக்குக்கும் நொடியில் விடை சொல்வாள். அச்சிட்ட தாளைக் கொடுத்தாலோ, முதல் பக்கம் முடிவதற்குள் தேர்வு மணி அடித்துவிடும். தகிகவா ஆசிரியை ஒரு படிவம் கொடுத்திருந்தார். இருபது நிமிடச் சோதனை: எளிய சொற்கள், பொருளற்ற சொற்கள், கான்ஜி எனும் பட எழுத்துச் சொற்கள் ஆகியவற்றை உரக்கப் படிக்க வேண்டும், வேகமும் பிழையும் குறிக்கப்படும். வாசிப்புக் குறைபாட்டின் அறிகுறி தெரிந்தால், உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். கையெழுத்துக்குப் பதிலாகத் தாயின் பெயர் முத்திரை வேண்டும். திங்கள்கிழமை கடைசி நாள். இன்று சனிக்கிழமை. முத்திரையோ தாயின் பையில், ஆசானின் பதிவேட்டுக்காகக் காத்திருந்தது.

"அம்மா, டீச்சர் குடுத்த படிவத்துல வைம்மா."

"சும்மா இருடி! குறைன்னு எழுதிட்டாங்கன்னா ஊர் என்ன பேசும்? பேய்னா ஓட்டிவிட்டுடலாம்ல?"

குறைபாடு என்றால் வெட்கம்; பேய் என்றால் பெருமை! என்னே தர்க்கம்!

இபுகியின் வாசிப்புதான் மெதுவு, கண் மெதுவன்று. காலையிலிருந்து அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். பதிவேட்டில் முத்திரை வைக்காதவர்களின் தாளுக்கு ஆசான் மூன்று அகப்பை 'தூய நீர்' வார்த்தார். அவை கருகி விழுந்தன. முத்திரை வைத்தவர்களின் தாளுக்கு மந்திரம் மட்டுமே. அவை பறந்தன.

மூங்கில் கழிகளில் தாள்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தவர், தீயணைப்புப் படையின் குவபாரா. எரிப்பதற்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த கட்டிலிருந்து இபுகி ஒரு தாளை நீட்டினாள்.

"மாமா, இதைக் கட்டுங்க."

விரித்துப் பார்த்தவருக்கு விழிகள் விரிந்தன. "அடிப்பாவி! இது..."

"சிரிச்சுக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க மாமா."

தாளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஆசானுக்கு இல்லை. தாய்மார்களின் முகத்தைத்தான் வாசிப்பார். அந்த வாசிப்பில் அவருக்கு எந்தக் குறைபாடும் இல்லை. இபுகியின் தாள் என்றே எண்ணி மூன்று அகப்பை வார்த்தார். தாள் புகைந்தது, கருகியது, பொத்தென்று விழுந்தது.

"பாத்தீங்களா! ஏழு தலைமுறைப் பழைய பேய்! கழுத்துல ஏறி உக்காந்திருக்கு!"

"யார் கழுத்துல ஆசான்?" என்றாள் இபுகி.

"இதை எழுதினவங்க கழுத்துலதான்!"

"அப்போ உங்க கழுத்துலதான். அது நீங்க எங்க வீட்டுக்கு எழுதிக் குடுத்த புத்தாண்டு வாழ்த்து."

குவபாரா தொண்டையைக் கனைத்தார். "நான்தான் கட்டினேன். கீழே தொகாஷின்னு பெருசா கையெழுத்து, சிவப்பு முத்திரை. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

"ஏழு தலைமுறைன்னா, உங்க தாத்தாவும் படிக்கலையா ஆசான்?" என்று பின்வரிசை கேட்டது. சிரிப்பில் பனியே உதிர்ந்தது.

"பேய் தந்திரம் பண்ணுது!" என்று ஆசான் அலறினார்.

"சரி, இப்போ என் தாளைப் பாருங்க. தண்ணி மட்டும் வேண்டாம்," என்றாள் இபுகி.

கோணல்மாணலான அவளுடைய தாள் குப்பென்று பற்றி, தேவதாரு உச்சியைத் தாண்டிப் பறந்தது.

"அப்போ உனக்குப் பேய் இல்லையாடி?" என்றாள் தொமொயோ.

"எனக்கும் இல்ல, அவருக்கும் இல்ல. ஈரக் காகிதம் எப்படிம்மா பறக்கும்? சாம்பலுக்குப் படிக்கத் தெரியாதும்மா."

ஆசான் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நழுவப் பார்த்தார். முத்திரை வைத்த தாய்மார்கள் சூழ்ந்துகொண்டனர். குவபாரா பதிவேட்டைப் பறித்து அக்குளில் இடுக்கினார்.

"அந்தப் படிவம் எங்கடி?" என்றாள் தொமொயோ.

மேலங்கிக்குள் மூன்றாக மடித்து வைத்திருந்ததை இபுகி எடுத்தாள். குவபாராவின் முதுகே மேசையாயிற்று. தொமொயோ முத்திரையை ஊன்றி அழுத்தினாள்.

"மெதுவாம்மா, எலும்பு இருக்கு!" என்றார் அவர்.

வியாழனன்று இபுகி சோதனைக்கு அமர்ந்தாள். மெதுவாகத்தான் படித்தாள், நிறையப் பிழை விட்டாள். அதைக் கண்டறியத்தானே சோதனை! ஆசிரியை அன்றே நிபுணருக்கும் தேர்வுக் குழுவுக்கும் கடிதம் எழுதினார்.

சாம்பல் பறப்பதை அண்ணாந்து பார்க்கும் பெருமக்களே, ஒருமுறை குனிந்து, அகப்பை யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள்!