நலம் விசாரிச்ச பொட்டி

அட, மேலூட்டுக்காரி போனை எடுத்தா வெக்கவே மாட்டேங்கறான்னு அவளை மட்டும் சொல்லாத சரசு. நான் பேசுன பேச்சுல ஒரு ஜீப்பு நெறையக் காப்பிக்கொட்டை போச்சு. ஒனக்குத் தெரியாதா? இப்பிடி உக்காரு கண்ணு.

அப்ப நாங்க தலைச்சோலைப் பக்கம் மலை மேல ஒரு காப்பி எஸ்டேட்டுல இருந்தோம். எங்கூட்டுக்காரரு வாட்ச்மேன், நான் பங்களாவுல சமையலு. மொதலாளி ஊடு சேலத்துல. அந்த வருசம் குடோன்ல மூட்டை மூட்டையாக் காணாமப் போச்சு. உங்க மேல சந்தேகமில்லீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, சொல்லிக்கிட்டே இவரைத்தான் பாப்பாங்க. கடைசில மொதலாளியே சொல்லிட்டாரு, "இன்னொருக்கா மூட்டை போச்சுன்னா ஒன்னை வெச்சுக்க முடியாது ராயப்பா. ஊட்டையும் காலி பண்ணீரணும்"னு. எஸ்டேட்டு குடுத்த ஊடுதான? எங்க போவோம், சொல்லு. இவருக்குச் சோறே எறங்கல.

அப்புறந்தான் பொட்டி வந்துச்சு. சேலத்துலருந்து ஒரு மெக்கானிக்கு, ஸ்வெட்டரு மேல ஸ்வெட்டரு போட்டுக்கிட்டு கொண்டாந்தாரு. குடோன் கதவுல ஒரு காந்தம், அங்கிருந்து ஒயரு, ஒயரு முடியற எடத்துல பங்களாப் போனுக்குப் பக்கத்துல பொட்டி. யாராச்சும் கதவைத் தொறந்தாப் போதும், பொட்டி தானா மொதலாளி ஊட்டுக்குப் போன் போடும். மணி கிணி அடிக்காது, அடிச்சாக் கள்ளன் ஓடிருவானாம். பேசறதுக்கு மட்டும் ஒரு கொரலைப் புடிச்சு உள்ள வெக்கணும். மெக்கானிக்கோட தொண்டை குளுருல கட்டிக்கிச்சு, காத்துத்தான் வருது. எங்கூட்டுக்காரரு போனைக் கண்டா வெறைச்சுப் போவாரு. மிச்சம் யாரு? நாந்தான்.

செவப்பு லைட்டு எரியறப்பப் பேசுங்க, அணைஞ்சா நிறுத்திருங்கன்னு சைகை காட்டிட்டு, காந்தத்தை முடுக்க அந்தாளு குடோனுக்குப் போய்ட்டாரு. நான் தனியா நிக்கறேன். சன்னல் வழியா மேகம் உள்ளாற வருது கண்ணு, நாக்காலி காலெல்லாம் மறைஞ்சு போச்சு, மெதக்கற மாதிரி இருக்குது. லைட்டு எரிஞ்சுச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். எங்கொரலு அந்தக் கம்பி வழியா, சவுக்கு மரத்தையெல்லாம் தாண்டி, வளைவு வளைவா வழுக்கிட்டு எறங்கறது எனக்குத் தெரியுது. கீழ வெயிலு. மொதலாளி ஊட்டு வாசல்ல கோலம். மொதலாளி சம்சாரம், அம்மணி, நிக்கறாங்க. (பொய்யில்ல சரசு, சீலை நெறங்கூடத் தெரிஞ்சுச்சு.)

அவங்களைக் கண்ணுல பாத்துட்டு, எடுத்த ஒடனே கள்ளன் வந்துட்டான்னு எப்பிடிச் சொல்ல முடியும்? நாலு வார்த்தை கேக்க வேண்டாமா? கேட்டேன். அப்புறம் சேதியையும் கணீர்னு, நிறுத்தி நிதானமாச் சொன்னேன். கண்ணைத் தொறந்தா லைட்டு அணைஞ்சு கெடக்கு. எப்ப அணைஞ்சுதுன்னு ஆரு கண்டா? மெக்கானிக்கு வந்து சேலத்துக்கு மணி போவுதான்னு மட்டும் பாத்தாரு. போச்சு. அங்க ஊட்டுல ஆளில்ல. என் பேச்சைத் திருப்பிக் கேக்கலாம்னு குனிஞ்சாரு, பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சுட்டான். ஓடிட்டாரு.

கோயில் திருநாளு வந்துச்சு. பொட்டிதான் இருக்குதே, நீயும் பூசைக்குப் போய்ட்டு வா ராயப்பான்னு மொதலாளியே லீவு குடுத்தாரு. அன்னைக்கு வெளிச்சம் இருக்கறப்பவே ஊரே பனிக்குள்ள முழுகிக் கெடந்துச்சு. நாங்க கோயில்ல பாடிக்கிட்டிருக்கறப்ப இங்க குடோன் கதவு தொறந்துருச்சு.

சேலத்துல போன் அடிச்சுருக்குது. மொதலாளி எடுத்தா எங்கொரலு. "ஏனுங்க மொதலாளி, நான் ஆரோக்கியம் பேசறேனுங்க. நல்லாருக்கீங்களா? அம்மணி நல்லாருக்காங்களா? பாப்பாவுக்குச் சளி தேவலீங்களா? சாப்ட்டீங்களா? இங்க நொம்பக் குளுருங்க. பயப்படாதீங்க, ஒரு சின்ன விசயமுங்க..." அவ்வளவுதான், கட்டாயிருச்சு.

அவரும் நடுநடுவுல எல்லாத்துக்கும் பதிலு சொல்லிருக்காரு, பாவம். மறுக்கா அடிச்சுது. மறுக்கா சளி தேவலீங்களா. அதுக்கு மேலயும் அடிக்கவே, ஆரோக்கியத்துக்குக் காய்ச்சல் மண்டைக்கேறிருச்சு, பெனாத்தறான்னு பயந்துக்கிட்டு, மாத்திரையெல்லாம் அள்ளிக்கிட்டு காரை எடுத்துட்டாரு.

மலையேறி எஸ்டேட்டு ரோட்டுக்குத் திரும்பற எடத்துல, பனிக்குள்ளருந்து ஒரு ஜீப்பு ஊர்ந்து வந்துருக்குது. மொதலாளி கையைக் காட்டி நிறுத்தி, "எஸ்டேட்டுலருந்தா வர்றீங்க? எங்க சமையக்காரம்மா எப்பிடி இருக்குது?"ன்னு கேட்டாராம்.

"நல்லாருக்குதுங்க"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டானுங்க! எங்க குடோன் மூட்டை மேல உக்காந்துக்கிட்டு!

நாங்க பூசை முடிஞ்சு புதுத்துணியோட வர்றோம், மொதலாளி மாத்திரையும் கையுமா நிக்கறாரு. என்னைப் பாக்கறாரு, தொறந்து கெடக்கற கதவைப் பாக்கறாரு. எங்கூட்டுக்காரரு அப்பிடியே தரையில உக்காந்துட்டாரு. எனக்கு ஊட்டுச் சாமானெல்லாம் ரோட்டுல கெடக்கற மாதிரியே தெரிஞ்சுச்சு.

மொதலாளிக்குத்தான் ஜீப்பு நெனப்புக்கு வந்துச்சு. அடிவாரச் செக்போஸ்டுக்குச் சொல்லலாம்னு போனை எடுத்தாரு. பொட்டி இன்னும் விடல, உள்ள எங்கொரலு! அந்தப் பக்கம் அம்மணி, "நான் நல்லாருக்கேன் ஆரோக்கியம், நீ மொதல்ல போர்த்திப் படு"ன்னு அழுவறாங்க. மொதலாளி பொட்டி ஒயரைப் புடுங்குனாரு. அப்புறந்தான் லைன் கெடைச்சுது.

பனில ஜீப்பு எங்க வேகமா எறங்கறது? செக்போஸ்டுல மூட்டையோட மாட்டிக்கிட்டானுங்க. மின்னாடி போன மூட்டையும் தாங்கதான்னு ஒத்துக்கிட்டானுங்க. எங்கூட்டுக்காரரு மேல இருந்த பழி அன்னைக்குத்தான் எறங்குச்சு. மொதலாளி அவரு தோளைத் தொட்டு, "இரு ராயப்பா, எங்கியும் போவாத"ன்னாரு. என்னைப் பாத்து, "நீ இனிமே அந்தப் பொட்டிகிட்டப் போவாத"ன்னாரு.

இப்பவும் நான் போன் போட்டா எம்மவன் எடுத்ததும், "கள்ளன் வந்தானா இல்லியா, அதை மொதல்ல சொல்லும்மா, சாப்ட்டனான்னு அப்புறம் கேளு"ங்கறான். மருமவளுக்குச் சிரிப்புத் தாங்காது. பேத்திக கூட என்னாட்டமே பேசிக் காட்டறாளுக. நானும் விடறதில்ல, சாப்ட்டியான்னு கேட்டுட்டுத்தான்...

ஏ சரசு, அங்க பாரு, மேகம் எறங்குது! மொளகு காயுது கண்ணு, அந்தப் பாய் முனையைப் புடி, புடி.