அண்ணன் ஸாலாருக்கு வந்த செய்தி நான் அனுப்பியதல்ல

ஹலப்ஜாவில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் ஸாலார் அவர்களுக்கு,

சுலைமானியாவிலிருந்து தம்பி ஃபெரெய்தூன் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சுகம். என் போனுக்குத்தான் சுகமில்லை. அதனால் இதை டாக்ஸிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆறு வருஷமாகப் பேசாதவன் ஏன் எழுதுகிறான் என்று நீங்கள் நெற்றியைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

எல்லாம் என் மனைவி ருனாக்கின் கொரியப் படத்தால் வந்தது. யாரோ நாலு பையன்கள் ஒரு அறையில் உட்கார்ந்து அதற்குக் குர்திஷில் குரல் கொடுத்திருக்கிறார்கள். கொரிய ராஜா நம் கடைத்தெருப் பேச்சில் மந்திரியைத் திட்டுகிறான், இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். முறையாக வெளியிடுகிறவர்கள் நம் மொழியில் தருவதில்லையே, வேறு எங்கே போய்ப் பார்ப்பது? அவளுக்காக நான் என் போனில் இரண்டாம் பாகத்தைத் தேடியபோது திரையில் ஒரு பெட்டி வந்தது. "மதிப்பிற்குரியவரே, தயவுசெய்து அனுமதி தாருங்கள்" என்று சுத்தமான குர்திஷில் கேட்டது. அறுபத்தெட்டு வயதில் எந்த இயந்திரமும் என்னிடம் நம் மொழியில் பேசியதில்லை அண்ணா. முகத்தை முறிக்க மனம் வரவில்லை. போன் எண்களைப் பார்க்கலாமா என்றது, பாரப்பா என்றேன். என் பெயரில் செய்தி அனுப்பலாமா என்றது, அதற்கும் சரி என்றேன்.

மறுநாள் காலை குழாய்க்காரர் ஹிவா வாசலில் கண்கலங்கி நிற்கிறார். "நீங்க எதுக்கு மாமா மன்னிப்புக் கேக்குறீங்க? வேலைய அரைகுறையா விட்டது நான்தானே." போனில் இருந்த இருநூற்றுப் பதினாலு பேருக்கும் என் பெயரில் ஒரே செய்தி: 'உங்களை நினைக்காத நாளில்லை. தவறு என்னுடையது. என் மனதை இங்கே அழுத்திப் பாருங்கள்.'

போன் கடைப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரோ வந்து வீட்டுச் சாவி கேட்டா குடுத்துடுவீங்களா மாமா?"

"குர்திஷ்ல கேட்டானேம்மா."

"திருடனுக்கும் நாலு மொழி தெரியும் மாமா."

எல்லாவற்றையும் துடைப்பதற்கு முன் உங்கள் பதிலைக் காட்டினாள். 'நானும்தான்டா.' ஒரே வரி. கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே முறைப்படி அறிவிக்கிறேன்: அந்தச் செய்தி என்னுடையதல்ல. ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கல்யாணத்தில் ஆட்ட வரிசைக்கு முன்னால் நின்று கைக்குட்டை வீசி ஆட்டத்தை நடத்தும் உரிமை எனக்கிருந்தது. அதைப் பறித்தது நீங்கள். நான் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் செய்தியில் 'இங்கே' என்பதை அழுத்தியிருந்தால் உடனே போனைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைய ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
ஃபெரெய்தூன்

பின்குறிப்பு: ருனாக்கிடம் வாசித்துக் காட்டினேன். "ஆறு வருஷமா உங்க வாயில வராதத அந்தத் திருடன் ஒரு நிமிஷத்துல எழுதிட்டான். அதையும் அழிக்கணுமா?" என்கிறாள். அண்ணா, அனுப்பியது நான் இல்லை. ஆனால் அதில் இருப்பது பொய் என்று எழுத என்னால் முடியவில்லை. முதல் இரண்டு வரிகளை நானே எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை மட்டும் அழுத்தாதீர்கள், வெள்ளிக்கிழமை நேரில் வாருங்கள்.