கபெம்ப்வாவின் மூன்றாம் முறை

சட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்கும். கப்வே நகரத்தில் அதன் பெயர் கபெம்ப்வா.

ஜனாதிபதி மூன்றாவது முறை நிற்கப் பார்க்கிறாரே, இரண்டே முறை என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தது எதற்கு, நீதிமன்றம் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டாமா என்று காலையிலேயே வானொலிக்குத் தொலைபேசி போட்டுப் பொரிந்து தள்ளுவார். அவர்கள் இணைப்பைத் துண்டித்த பிறகு மீதியை மனைவியிடம் பேசி முடித்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பார். நியாயமான பேச்சு. யார் மறுப்பார்கள்?

அவரே மரண உதவிச் சங்கத்தின் தலைவர். அங்கேயும் தலைவருக்கு இரண்டே முறைதான்; இவருக்கு இரண்டும் முடிந்துவிட்டது. ஆனால் இழவு வீட்டில் ந்ஷிமாக் களியோடு கோழி பரிமாறும்போது இரைப்பைத் துண்டு தலைவர் தட்டுக்குத்தான் வரும். இன்னொருவர் அதை மெல்வதைப் பார்க்க நெஞ்சு தாங்குமா? சங்கத்தின் பெயரோடு ‘ஐக்கிய’ என்று ஒரு சொல்லைச் சேர்க்கவைத்தார். இது புதுச் சங்கம், எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்றார். ஜனாதிபதியின் வக்கீல்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னால் அயோக்கியத்தனம். இவர் சொன்னால் விளக்கம்.

தகராறு சங்கத்தின் தீர்ப்புக் குழுவுக்குப் போனது. குழுவின் தலைவி தெம்பி ஜெரே, கருவாட்டு வியாபாரி. இவர் பெம்பா, அவள் ங்கோனி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. என்ன திட்டினாலும் கோபிக்கக் கூடாது. முறைக்காரி நம்மைக் கைவிடமாட்டாள் என்று நம்பி அவளை நியமித்ததே இவர்தான்.

“குரங்கு தின்னி, உன் காலம் முடிஞ்சுபோச்சு, எந்திரி” என்று தீர்ப்புச் சொன்னாள் தெம்பி.

கூட்டம் சிரித்தது. கபெம்ப்வா எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். “எலி தின்னி கேலி பண்றா. இதப்போய்த் தீர்ப்புன்னு எழுதிப்புடாதீங்க.”

“நான் கேலி பண்ணுனா நீ கோவிக்கக் கூடாது. தீர்ப்புச் சொன்னா நாற்காலியில உக்காந்திருக்கக் கூடாது. மொதல்ல எந்திரி, அப்புறம் சிரி.”

இந்த முறை சிரிப்பு ஓயவே இல்லை. கோபிக்கவும் வழியில்லாமல், பாவம், எழுந்தார். எனக்குப் பதவி ஆசையே கிடையாது, வேறு ஆள் கிடைக்காததால்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். அது போகட்டும், உங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு இந்த வருஷமும் நீங்கள்தான் செயலாளராமே? வேறு ஆள் கிடைக்கவில்லையோ?