டிபன் பாக்ஸில் போன மண்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வருபவர்களின் டிபன் பாக்ஸை செக்யூரிட்டி திறந்து பார்ப்பார். இரும்புத்துண்டு தேடினால் மண் கிடைக்கும். ஒருவர் பாக்கியில்லை.

எல்லாம் துளசிராமன் சித்தரின் மகிமை. மனை வாங்கி விற்றுப் பெரிய ஆளாகணும், வங்கியோ கடன் தராது என்றால் அவரிடம் போகலாம். மனையின் மண்ணை முகர்ந்தே, கடன் தரும் புண்ணியவான் எந்தத் திசையில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவார். முகர ஆயிரம் ரூபாய். புண்ணியவான் எப்போதும் வடக்கிலேயே இருப்பான். வடக்கே நாலாவது கடையில்தான் சித்தரின் மச்சான் பைனான்ஸ் வைத்திருக்கிறான். மூக்கென்றால் அப்படியொரு மூக்கு!

அங்கே வேலை பார்த்த, சாராளின் புருஷன் தேசப்பனுக்கும் தலைகால் புரியவில்லை. ஊத்துக்கோட்டை ரோட்டில் ஒரு மனை பார்த்ததற்கே, திருநின்றவூரில் பாதியை வாங்கிவிட்டவன்போல நடந்தான். சனிக்கிழமை சித்தரிடம் போக மண்ணோடு, கடனுக்கு அடமானம் வைக்க வீட்டுப் பட்டாவையும் பையில் வைத்தான். கூலி வேலை செய்த அப்பாவுக்கு அரசாங்கம் கொடுத்த மூன்று சென்ட். அவர்கள் படுத்தெழும் ஒரே இடம்.

சாராள் சண்டை போடவில்லை. அவன் குளிக்கப் போனதும் பாக்ஸிலிருந்த மண்ணைக் கொட்டினாள். வாசல் குரோட்டன்ஸ் தொட்டியிலிருந்து அள்ளி நிரப்பினாள். அதே மண்ணில் இன்னும் இரண்டு பாக்ஸ்: ஒன்று தனக்கு, ஒன்று பக்கத்து வீட்டுச் செண்பகத்துக்கு. அவன் பின்னாலேயே போய், இருவரும் அறிமுகமில்லாதவர்கள்போல வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் வந்தவர்களை சித்தர் முதலில் பிரியமாக விசாரித்தார், சொந்த ஊடா வாடகையா என்று. பிறகுதான் முகர்ந்தார். பட்டா வைத்திருந்த தேசப்பனின் மண்ணில் லட்சுமி குடியிருந்தாள். உடனே வடக்கே போய்க் கையெழுத்துப் போடணும். தங்க வளையல் குலுங்க வந்த செண்பகத்தின் மண்ணில் பிணம் கிடந்தது, பரிகாரம் இருபதாயிரம். வாடகை வீடு என்று புளுகிய சாராளின் மண்ணில் ஒன்றுமே இல்லை.

சாராள் மூன்று பாக்ஸையும் அவர் முன்னால் வைத்தாள்.

"மூணும் எங்கூட்டுத் தொட்டி மண்ணு சாமி. ஒரே தொட்டியில லட்சுமியும் பொணமும் எப்டி ஒண்ணா குந்திகினு இருக்கும்?"

"இன்னாம்மே சொல்ற?" என்றான் தேசப்பன்.

"அவரு மண்ண மோந்து பாக்கல நைனா. உன் பைய மோந்து பாத்தாரு."

தும்மல் வந்ததாகச் சொல்லி உள்ளே போன சித்தர், பின்வாசல் வழியாகத் தும்மிக்கொண்டே போய்விட்டார். மச்சான் கடையிலும் ஷட்டர் இறங்கியது. தேசப்பன் பட்டாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். குரோட்டன்ஸுக்குத் தண்ணீரும் ஊற்றினான்.

கடன் தருபவனிடம் வட்டி எவ்வளவு, மனை விற்காவிட்டால் வீடு யாருக்கு என்று கேட்க ஒரு வாய் போதும். கழுத்துக்கு மேலே நமக்கு இருப்பது அடுத்தவன் மூக்கா என்ன?