வார்டு பிரித்த வெள்ளாடு

வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் பேரூராட்சியில் அன்றைக்குக் கூட்டமோ கூட்டம்! மில் பஸ்கள் காலியாக நின்றன. ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டுச் சனம் பொட்டலுக்கு ஓடியது. நடிகர் யாரும் வரவில்லை. ஆடு வருகிறது. வார்டு எல்லை பிரிக்கப்போகிற ஆடு!

ஆளை எண்ணித் தெருவோரமாகக் கோடு போடுவது மனுஷன் வேலை. தலைவர் சடையாண்டிக்கு அது சரிப்படுமா? வரைபடத்தைத் தனக்குத் தோதாக வரைந்து வைத்துக்கொண்டு, "நான் போட்டா குத்தம் சொல்லுவீக. சாமி போடட்டும்" என்று எல்லைச்சித்தர் சுருளிவேலைக் கூட்டி வந்தார். சித்தர் போன மாசம்வரை போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்த்தவர். ஒரு குழியிலும் ஈரமில்லை. உடனே எல்லைக்கு மாறிவிட்டார். பதவி உயர்வு!

முறை சுலபம். கேள்வி கேட்டு ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். ஆடு உதறிச் சிலுப்பினால் சாமி உத்தரவு. சும்மா நின்றால் சாமிக்கு இஷ்டமில்லை.

"மேட்டுத்தெருவ மூணா வகுந்து மூணு வார்டுல சேக்கலாமா, தாயே?"

ஆடு படபடவென்று சிலுப்பியது. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மேட்டுத்தெரு தலைவருக்கு ஓட்டுப் போடாத தெரு. குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மறியல் செய்த தெரு. தங்கள் ஆள் ஒருவர் கவுன்சிலரானால்தான் குழாய் வரும். மூன்றாகப் பிளந்தால் எந்த வார்டிலும் ஜெயிக்க முடியாது. இந்தக் கணக்கெல்லாம் சாமிக்கு எப்படித் தெரிந்ததோ!

"என் வீட்டுல அடுப்பு நாலாவது வார்டு, கட்டிலு அஞ்சாவது வார்டாம்ல!" என்று புலம்பினாள் அந்தத் தெருப் புவனேஸ்வரி.

தேர்தலில் நிற்கவிருந்த மேட்டுத்தெரு அன்புக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய்ச் சித்தர் கையிலிருந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினாள்.

"செத்த இருங்க சாமி. நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன்."

"விரதமில்லாத கை ஊத்துனா சாமி பேசாது!"

"பேசாட்டி உங்களுக்கு நல்லதுதான?"

கூட்டம் சிரித்தது. அன்புக்கரசி ஆட்டிடம் குனிந்தாள். "ஆத்தா, இந்தச் சாமியாரு டுபாக்கூருதான?" காதில் ஊற்றினாள். சிலுப்பியது பாருங்கள், சித்தர் மூஞ்சியெல்லாம் மஞ்சள்!

"மேட்டுத்தெரு ஒரே வார்டா இருக்கட்டுமா?" மறுபடி காதில். மறுபடி சிலுப்பல்.

"தலைவரு நல்லவரா?" இந்தத் தடவை முதுகில் மெள்ள வழியவிட்டாள். ஆடு அசையவில்லை. நிதானமாக அசைபோட்டது.

பொட்டலே விசிலடித்தது. அன்புக்கரசி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"காதுல தண்ணி போனா ஆடு உதறும். அம்புட்டுத்தான்! வாராவாரம் அய்யலூர்ச் சந்தையில ஆடு வாங்கி விக்கிறீகளே, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்த்தா…" என்று தலையைச் சொறிந்தார் ஒருவர். "இது சாமி ஆடுன்னு நெனச்சுட்டோம்."

சித்தர் நழுவினார். தலைவருக்கு மணி அடிக்காத போனில் அவசர அழைப்பு வந்தது. வார்டு பிரிக்க வந்துவிட்டு வேடிக்கை பார்த்து நின்ற பேரூராட்சி அதிகாரியைச் சனம் வளைத்துக்கொண்டது.

"எங்க கண்ணு முன்னால ஆள எண்ணுங்க சார். தெருவ ஒடைக்காமக் கோடு போடுங்க. படத்தச் சந்தையில ஒட்டுங்க. குத்தம் கொறை இருந்தா நாங்க சொல்லுறோம்!"

அதிகாரி பழைய வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேட்டுத்தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டப் போனார். அன்புக்கரசி கூடவே நடந்தாள்.

மகாசனங்களே! காதில் தண்ணீர் போனதால் ஆடு தலையைச் சிலுப்பியது. தலைவர் சொன்னதற்கெல்லாம் இத்தனை வருஷம் தலையாட்டினீர்களே, உங்கள் காதில் என்ன போயிருந்தது?